தையல் மெஷின் எந்த வகை

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் வீட்டில் இங்கிலீஷில் ஒரு முழு வசனம் சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தத் திமிர் இன்னும் முழுதாகப் போகவில்லை. இன்னது இன்ன வகைக்குள் அடங்கும் என்பதை இங்கிலீஷில் கௌரவமாகச் சொல்லும் முறைகளை மிஸ் அந்த வாரம்தான் படிப்பித்திருந்தார். "கம்ஸ் அண்டர் த கெட்டகரி ஒஃப்", "இஸ் கிளாசிஃபைட் அஸ்." வீட்டில் பூனை, வாளி, கருவாடு என்று ஒன்றையும் நான் விட்டுவைக்கவில்லை. வாப்பாவையும் மீனவர் என்ற வகைக்குள் அடக்கினேன். "ஓம் மகள், அடங்கித்தான் கிடக்கன்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை என் மூத்த சகோதரி ராத்தாவின் கல்யாணப் பேச்சை முடிக்க மாப்பிள்ளை வீட்டார் சாய்ந்தமருதிலிருந்து வந்தார்கள். எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். பெற்றவர்கள் வேறிடம் பார்த்துக்கொள்வார்கள். வீடு சிறியதென்று ஏற்கனவே ஒரு சம்பந்தம் கலைந்திருந்தது. இதுவும் கலைந்துவிடுமோ என்று வாப்பா சரியாகச் சாப்பிடாமல் திரிந்தார்.

பேசியவர் மாப்பிள்ளையின் மாமா. கொழும்பில் ஏதோ கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முக்கியமான இடம் வந்தால் இங்கிலீஷுக்கு மாறிவிடுவார்.

"வீட்டோட சாமானும் எண்டுதானே கதை?"

வாப்பா தலையாட்டினார்.

"கட்டில், அலுமாரி, செற்றி, இந்தத் தையல் மெஷின். ஓல் கம்ஸ் அண்டர் ஃபேர்னிச்சர்."

வாப்பாவுக்கு இங்கிலீஷ் விளங்கவில்லை. மெஷின் போகிறது என்பது விளங்கியது. வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்து அவர் கரையில் இருக்கும் மாதங்களில், உம்மா அயலாருக்குத் தைத்துக் கொடுத்துத்தான் எங்கள் அடுப்பு எரியும். மறுத்தால் இந்தச் சம்பந்தமும் போய்விடும். திரைக்குப் பின்னால் உம்மாவின் வளையல் சத்தம் நின்றது.

எனக்கோ மாமாவின் இங்கிலீஷ் பிழை மட்டுமே கேட்டது.

"நோ," என்றேன். "சூயிங் மெஷின் டஸ் நொட் கம் அண்டர் ஃபேர்னிச்சர். இட் இஸ் கிளாசிஃபைட் அஸ் எ டூல்."

திரைக்குள்ளிருந்து ராத்தாவின் கை வந்து என் முதுகில் கிள்ளியது. "வாயப் பொத்து புள்ள!"

மாமா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "டூலா? ஆரு செல்லித் தந்த?"

"எங்கட மிஸ். தொழில் செய்ற சாமானெல்லாம் டூல்ஸ்."

கூட வந்த ஒருவர் சிரித்துவிட்டார். "மாமா, இங்கிலீஷிலயே உங்கள மடக்கிட்டாளே."

மாமாவின் முகம் கறுத்தது. சால்வையை எடுத்துத் தோளில் போட்டார். வாப்பா பதறி எழும்பினார். "சின்னப் புள்ள, மனசில வெச்சிக்காதீங்க."

"இரிங்க," என்று வாப்பாவைக் கையமர்த்திவிட்டு மாமா என்னைப் பார்த்தார். "தொழில் எண்டா, ஆர்ர தொழில்?"

பதில் எனக்குத் தெரியும். வாயெடுப்பதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து உம்மா சொன்னா: "எண்ட தொழில்."

பிற ஆண்கள் இருக்கும் இடத்தில் உம்மாவின் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. மாமா சால்வையைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்தார்.

"அப்ப அது உங்கட கையிலயே இரிக்கட்டும்," என்றார். கல்யாணத்துக்கு நாளும் குறித்தார்கள்.

வீட்டை ராத்தாவுக்கு விட்டுவிட்டு நாங்கள் ஓர் அறை வாடகைக்கு எடுத்துப் போனபோது, வாப்பா முதலில் சுமந்து போனது அந்த மெஷினைத்தான். பிறகு நான் படித்த படிப்பெல்லாம் அதன் சத்தத்துக்குப் பக்கத்தில்தான். அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே விளங்கியது? என்னைக் கேட்ட கேள்விக்கு உம்மா முந்திக்கொண்டு விடை சொல்லிவிட்டாவே என்று, அவ நீட்டிய வட்டிலப்ப இனிப்பைத் தொடாமல் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.