மகா சொன்ன 'உரியுது'

யூனிஸ் தன் ஆயுசில் யாரிடமும் கெட்ட பெயர் வாங்கியதில்லை. அதுவே அவளுக்கு ஒரு நோய் மாதிரி ஆகிவிட்டது. தப்பை ஒத்துக்கொள்வதற்கும் ஒரு பழக்கம் வேண்டுமே, எப்போதும் நல்லவளாகவே இருந்தவளுக்கு அது எங்கிருந்து வரும்?

லிங்கராஜபுரத்தில், சர்ச்சுக்குப் போகிற சந்தில், வீட்டின் முன்னறையைத்தான் பார்லராக ஆக்கி வைத்திருந்தாள். இரண்டு நாற்காலி, ஒரு சாய்வுப் படுக்கை, சுவர் நீளக் கண்ணாடி. கணவர் போன பிறகு மகளை நர்சிங் படிக்க வைத்து வேலைக்கு அனுப்பியது புருவம் எடுக்கிற அந்த நூல்தான். 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டால் அவள் முகம் சுண்டிப்போகும். 'அக்கா' என்றால் நெற்றியைக் கூடக் கொஞ்ச நேரம் பிடித்துவிடுவாள். இது தெரிந்து காலேஜ் பெண்களெல்லாம் வாசலிலேயே 'அக்கா' போட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார்கள்.

கம்மனஹள்ளிப் பக்கம் ஏசி வைத்த பார்லர்கள் முளைத்தபோது அவளுக்குப் பயம் வந்தது. வருகிறவளெல்லாம் 'கெமிக்கல் பீல் பண்ணுவீங்களா' என்று கேட்டாள். யூனிஸ் ஒரு வகுப்புக்குப் போய், சர்டிபிகேட்டை வாங்கிக் கண்ணாடிக்கு மேலே மாட்டினாள். விஷயம் இவ்வளவுதான்: முகத்தில் ஆசிட் தடவ வேண்டும். அது மேல்தோலை இளக்கும். சரியான சமயத்தில், அதை அடக்குகிற தண்ணீரால் துடைத்துவிட வேண்டும். சில நாள் கழித்துப் பழைய தோல் உரிந்து புதுத் தோல் வரும். வகுப்பெடுத்த பெண் ஒன்றை மட்டும் தலையில் குட்டாத குறையாகச் சொல்லி அனுப்பினாள். சுருக்கென்று இருந்தால் பரவாயில்லை, எரிகிறது என்று சொன்னால் அந்த நிமிஷமே துடைத்துவிடு, நம் மாநிறத் தோல் சுட்டால் கறுத்துவிடும், அந்தக் கறுப்பு லேசில் போகாது.

யூனிஸ் தலையை ஆட்டினாள். புரியாமல் ஆட்டவில்லை, நன்றாகப் புரிந்துதான் ஆட்டினாள். அதனால்தான் இந்தக் கதையே.

மகாவின் வீடு ஜீவனஹள்ளியில். அம்மா ரத்தினம்மாள் இரண்டு அபார்ட்மென்ட்களில் சமையல் வேலை பார்க்கிறவள். மகா கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு நகைக்கடையின் உள்ளறையில் நகைகளுக்கு டேக் கட்டுகிற வேலையில் இருந்தாள். கவுன்டரில் ஒரு இடம் காலியாகப் போகிறது, 'முகத்துல அந்தப் பரு மார்க்கெல்லாம் கொஞ்சம் சரி பண்ணிக்கோம்மா' என்று மேனேஜர் சொல்லியிருந்தார். சொன்ன வாயை என்ன செய்ய? மகா நேராக யூனிஸிடம் வந்தாள். சின்ன வயசிலிருந்து அவளுக்குத் தெரிந்த பார்லர் அது ஒன்றுதான்.

அன்று சர்ச்சில் ஒரு கல்யாணம். பெண்ணின் அம்மா மௌரீன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கொண்டை எப்படி வேண்டுமென்று போனில் படம் படமாகக் காட்டிக்கொண்டிருந்தாள். பெரிய இடம், பேச்சை வெட்ட முடியாது. யூனிஸ் மகாவின் முகத்தில் மருந்தைத் தடவிவிட்டுப் படம் பார்க்கத் திரும்பினாள்.

"அக்கா, உரியுதுக்கா."

"உரியணும் கண்ணு. உரியறதுக்குத்தானே போட்டுக்கினு இருக்கோம்."

மௌரீன் சிரித்தாள். யூனிஸும் சிரித்தாள்.

"இல்லக்கா. ரொம்ப உரியுது."

"அழகு சும்மா வருமா? கொஞ்சம் பொறுத்துக்கோ."

மகா பொறுத்துக்கொண்டாள். படுக்கையின் ஓரத்தைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மூன்று கொண்டைகளைப் பார்த்து முடிக்கிற வரைக்கும் பொறுத்துக்கொண்டாள். யூனிஸ் திரும்பியபோது இடது கன்னத்தில் தோல் வெந்து, உப்புப் பூத்த மாதிரி வெள்ளை படர்ந்திருந்தது.

தமிழில் உரிவது தோல். கன்னடத்தில் உரிவது நெருப்பு. இந்தக் கன்னட ஊரில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ் வீடுகளில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். மகா கன்னட மீடியத்தில் படித்தவள். வெங்காயம் நறுக்கினால் அவளுக்குக் கண் 'உரியும்', பச்சை மிளகாய் கடித்தால் நாக்கு 'உரியும்'. சேலத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ போன வருஷம் வந்திறங்கியவளுக்கு இது தெரியாமல் போகலாம். யூனிஸ் இங்கேயே பிறந்தவள். தண்ணீர் லாரிக்காரனோடு கன்னடத்தில் சண்டை போட்டே தொண்டை கட்டிக்கொள்கிறவள். போதாததற்கு, தடவின உடனே எந்த முகமும் உரியாது என்பது கண்ணாடிக்கு மேலே மாட்டியிருக்கிற சர்டிபிகேட்டுக்கே தெரியும். மகா சொன்னது அவள் காதில் சரியாகத்தான் விழுந்தது. அந்த ஒரு கணத்தில் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது வசதியாக இருந்தது, மௌரீன் பக்கம் திரும்பி இருப்பதற்குத் தோதான அர்த்தத்தை அவள் எடுத்துக்கொண்டாள்.

இரண்டு நாளில் கன்னம் காப்பிக்கொட்டை நிறத்தில் பொருக்குக் கட்டியது. ரத்தினம்மாள் மகளை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். "இன்னாம்மா யூனிஸு இது, மூஞ்சி இப்படி ஆயிடுச்சு?"

பொருக்கைப் பார்த்ததுமே யூனிஸுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"வெயில்ல போனியா மகா? போகக்கூடாதுன்னு சொன்னேனே."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். யூனிஸ் கூடத்தையும் தாண்டிப் போய்ச் சூரியனைக் கைகாட்டினாள். மகா கொஞ்ச நேரம் யோசித்தாள், பாவம். "பஸ்ஸுக்கு நின்னேங்க்கா," என்றாள், தானே குற்றத்தைக் கண்டுபிடித்துக் கொடுப்பவளைப் போல. ரத்தினம்மாள் அங்கேயே அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "சொன்ன பேச்ச கேக்காத கழுதை! யூனிஸம்மா சொன்னாங்க இல்ல?"

அந்தக் குட்டு யூனிஸின் மண்டையில்தான் இறங்கியிருக்க வேண்டும். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள், பிறகு ஆறினதும் சொல்லலாம் என்று நினைத்தாள். பொருக்கு உதிர்ந்தது. அது இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு அப்படியே நின்றுவிட்டது.

கவுன்டர் வேலை வேறொரு பெண்ணுக்குப் போனது. ஊரெல்லாம் மாஸ்க்கைக் கழற்றி எறிந்த பிறகும் மகா மாஸ்க்கோடு பஸ் ஏறினாள். ரத்தினம்மாள் குடை ஒன்று வாங்கிக் கொடுத்தாள், அதோடு தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "வெயில்ல நின்னு மூஞ்சிய கெடுத்துக்கினா சார் எம் பொண்ணு," என்று சொல்லவும் ஆரம்பித்தாள். அதை மூன்றாம் மனுஷர் வாயாலும் யூனிஸ் கேட்டாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். யூனிஸ் மீதி மருந்தைச் சாக்கடையில் கொட்டினாள், சர்டிபிகேட்டைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் தள்ளினாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது அவளும் சொன்னாள். நூறு குரலோடு சேர்த்துச் சொல்லுகிற பாவம் லேசாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றால் பழையபடி கனத்தது. ஜீவனஹள்ளிப் பக்கம் காய் வாங்கப் போவதையே விட்டுவிட்டாள்.

ஏப்ரலில் ஒரு மத்தியானம் மகா தானாகவே வந்தாள். படுக்கையில் ஏறி உட்கார்ந்து, மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, இன்னொரு தடவ அதே போட்டுடுங்க. மேல இருக்கற கறுப்பு போயிடும் இல்ல? இந்த வாட்டி சத்தியமா வெயில்ல போகமாட்டேன். லீவு சொல்லிட்டு வந்துட்டேன்."

யூனிஸ் பஞ்சை எடுத்தாள். எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் மேசையில் திரும்ப வைத்தாள். இன்று வாயைத் திறக்காவிட்டால் இந்தப் பெண் சாகிற வரைக்கும் வெயிலைப் பார்த்துப் பயந்து நடப்பாள் என்று தோன்றியது.

"வெயில் இல்ல மகா."

"இன்னாக்கா?"

"நான்தான். நீ அன்னைக்கு உரியுதுன்னு சொன்னே இல்ல, அப்பவே தொடச்சிருக்கணும். தொடைக்கல. கொண்டை பாத்துக்கினு இருந்தேன்."

மகா சிரிக்கப் பார்த்தாள். "நான்தானேக்கா தப்பா சொன்னேன். வீட்ல பேசற மாதிரி கன்னடத்துல சொல்லிட்டேன், உங்களுக்குப் புரியல. அப்பறந்தான் எனக்கே தோணுச்சு. எரியுதுன்னு சொல்லியிருக்கணும்."

அதையும் இவள் தன் தலையிலேயே போட்டு வைத்திருக்கிறாள்! தப்பிக்க இன்னொரு வாசல், அதுவும் அந்தப் பெண்ணே திறந்துவிட்ட வாசல். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"புரிஞ்சுது," என்றாள் யூனிஸ். "எனக்கு கன்னடம் வராதா? நல்லாவே புரிஞ்சுது."

மகா கண்ணாடியில் தன் கன்னத்தைப் பார்த்தாள். அப்புறம் மாஸ்க்கை எடுத்துப் போட்டுக்கொண்டு, படுக்கையை விட்டு இறங்கினாள்.

"எரியுதுக்கா," என்றாள். "வயிறு எரியுது."

இந்தத் தடவை தமிழ்ச் சொல்லையே தேடி எடுத்துச் சொன்னாள். இதற்கு இரண்டு அர்த்தம் கிடையாது.

"எங்கம்மா என்னைத் திட்டாத நாளு இல்ல. வாங்க. வந்து நீங்களே சொல்லுங்க."

யூனிஸ் ஷட்டரை இறக்கினாள். செருப்பைத் தேடவே அவளுக்கு நேரம் பிடித்தது. தெருவில் தார் கொதித்தது. மகா குடையை விரிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள், யூனிஸ் நாலடி பின்னால். தெரிந்தவர்கள் இரண்டு பேர் 'எங்கக்கா போறீங்க' என்று கேட்டார்கள். அவள் நிற்காமல் நடந்தாள்.

கதவைத் திறந்த ரத்தினம்மாள் முதலில் மகளின் கையிலிருந்த மடக்கிய குடையைப் பார்த்தாள், பிறகு வியர்த்து நின்ற யூனிஸைப் பார்த்தாள்.

"அய்யோ, நீயும் கூட இருந்து இவளை வெயில்ல கூட்டினு வந்தியா யூனிஸு?" என்றாள்.

"வெயில் ஒண்ணும் பண்ணலக்கா," என்றாள் யூனிஸ்.