புதுமாப்பிள்ளை அறையில் தூளி

குழந்தைக்கு ஒரு வயது ஆகுமுன்பே சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் சேர்ந்தேன். மகாபலிபுரம் கடற்கரை விடுதி ஒன்று நாங்கள் எழுதிய முன்பதிவு புரோகிராமை ஏற்றால்தான் என் வேலை நிரந்தரம்.

விருந்தினர் கேட்கும் வசதிகள் ஒரு தற்காலிக ஃபைலில் சேரும். பதிவு முடிந்ததும் விடுதி பிரிண்டரில் சீட்டாக வரும். புரோகிராமின் கடைசி வரி அந்த ஃபைலை அழிக்கும்.

சோதனைக்காக நானே ஒரு பதிவு போடத் தொடங்கினேன். கற்பனை ஓடவில்லை, என் பிள்ளைக்கு வேண்டியதையே எழுதினேன்: அறையில் தூளி, மெத்தைமேல் ரப்பர் ஷீட், காரமில்லாமல் குழைத்த பருப்புச் சாதம். அதற்குள் செங்கல்பட்டிலிருந்து அம்மாவின் போன்: "கொழந்தைக்கு உடம்பு சுடுது." அப்படியே மூடிவிட்டு ஓடினேன். காய்ச்சல் இல்லை, வெயில் படும் ஜன்னலோரம் தூங்கியிருக்கிறான்.

மறுநாள் விடுதி மேனேஜர் கூப்பிட்டார்.

"எம்மா, நேத்து தாலி கட்டிக்கினு இன்னிக்கு வந்துகீறாங்க. ரூம்ல தூளி தொங்குது! இன்னா இது?"

"தூளியா சார்?"

"ரப்பர் ஷீட்டு வேற. பொண்ணு அழுவுது. மாப்ள, 'கொஞ்சம் டயம் குடுங்க சார்'ன்றாரு. இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா உங்க புரோகிராமே வாணாம்."

புரோகிராமைத் திறந்து பார்த்தேன். வெப் சர்வர் ஆளுக்கொரு புது ஜாப் தொடங்குவதில்லை. ஒருவரைக் கவனித்த அதே ஜாப்தான், அதே தற்காலிக ஃபைலோடு அடுத்தவரையும் கவனிக்கும். நான் பாதியில் ஓடியதால், அழிக்கும் வரி ஓடவே இல்லை. பந்தியில் எச்சில் இலையை எடுக்காமலே புதுத் தம்பதியை உட்கார வைத்துவிட்டது.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலேயே ஃபைலை அழிக்கும்படி மாற்றினேன். சந்தேகம் தீராமல் கடைசி வரியையும் விட்டுவைத்தேன். நடுவிலும் ஒன்று சேர்த்தேன்.

பக்கத்து மேசை சீனியர் எட்டிப் பார்த்தார். "நடுவுல அழிச்சா கஸ்டமர் கேட்டதும் போயிடும்மா. எடு அத."

சாயங்காலம் என்னைப் போனில் வைத்துக்கொண்டே மேனேஜர் சோதித்தார். ஒட்டகம் வேண்டும் என்று எழுதிப் பாதியில் மூடினார். பிறகு வெறும் அறைக்கு மட்டும் ஒரு பதிவு போட்டார். போனில் பிரிண்டர் இழுக்கும் சத்தம் கேட்டது.

"ரூம் மட்டும்தான் வந்துகீது. ஒட்டகம் இல்ல. சரி, உங்க புரோகிராம வெச்சிக்கறோம்."

பக்கத்தில் சீனியர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நான் போனை வைக்கவில்லை.

"சார், சீட்டோட பின்பக்கம் பார்த்தீங்களா?"

"எம்மா, வூட்டுக்குப் போம்மா."