பக்கம் கேட்டால் வருஷம் சொன்ன புரோகிராம்

மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போன வருஷம் நானும் சிதம்பரத்தில் எம்.சி.ஏ. சேர்ந்தேன். தினமும் கடலூரிலிருந்து காலை பஸ். வகுப்பில் எல்லோருக்கும் நான் அக்கா. சந்தேகம் கேட்கக் கூச்சமாக இருந்ததாலோ என்னவோ, எதையும் நானே கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற பிடிவாதம் வந்துவிட்டது.

லேபில் ஒரு சின்ன சி புரோகிராம் எழுதச் சொன்னார்கள். நூலகப் புத்தகங்களின் பெயரையும் பக்க எண்ணிக்கையையும் திரையில் காட்ட வேண்டும். விவரங்களை நிரப்ப ஒரு ஃபைல், காட்ட ஒரு ஃபைல். புத்தகத்துக்கு என்னென்ன விவரம், எந்த வரிசையில் உண்டு என்பது இரண்டுக்கும் பொதுவான ஹெடர் ஃபைலில் இருந்தது. மேக் என்ற கட்டளையை அடித்தால், மாறிய ஃபைலை மட்டும் மறுபடி கம்பைல் செய்து, அதாவது கணினிக்குப் புரியும்படி மாற்றி, எல்லாவற்றையும் சேர்த்துத் தரும். நன்றாகத்தான் ஓடியது.

பிறகு வெளியான வருஷத்தையும் சேர்க்கச் சொன்னார்கள். ஹெடரில் பக்கத்துக்கு முன்னால் அதைச் சேர்த்து, நிரப்பும் ஃபைலையும் மாற்றி ஓட்டினேன். ஒல்லியான கதைப் புத்தகத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் பக்கம்! பக்கம் வர வேண்டிய இடத்தில் வருஷம் வந்திருந்தது. வரிசையை மாற்றி நிரப்பிவிட்டேனோ என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

வீட்டில் சொன்னபோது என் கணவர், "மிஸ்ஸைக் கேட்டா சொல்லிட்டுப் போறாங்க. அதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றார்.

"நானே பாக்குறேன் மாமா. எங்க போயிடும்?"

மறுநாள் காட்டும் ஃபைலில், சோதனைக்காக ஒரு வரி சேர்த்து ஓட்டினேன். தப்பைக் காணவில்லை! அந்த வரியை எடுத்தேன். அப்போதும் சரியாகவே ஓடியது. சந்தோஷப்பட முடியவில்லை, எரிச்சல்தான் வந்தது. காரணம் தெரியாமல் போனது திரும்பி வரும்.

வந்தது. அடுத்த நாள் அலமாரி எண்ணை இதேபோல் சேர்த்ததும், பக்கத்துக்குப் பதில் அலமாரி எண்.

பக்கத்து சிஸ்டத்தில் கம்மாபுரத்துப் பெண். எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "மேக் கிளீன் போடுங்கக்கா. பழசா கம்பைல் ஆனதெல்லாம் அழிஞ்சிடும், அப்பறம் மேக் குடுங்க. நான் அப்பிடித்தான் பண்ணுவேன்."

"சரியாயிடும். ஏன் சரியாவுதுன்னு தெரிய வேணாமா?"

எதையும் அழிக்காமல், நிரப்பும் ஃபைல் மாறியதாகத் தெரிய அதில் ஒரு வெற்று வரி சேர்த்து மறுபடி மேக் கொடுத்தேன். இந்தத் தடவை விடையைப் பார்க்காமல், மேக் திரையில் எழுதிக்கொண்டே போவதைப் படித்தேன். நிரப்பும் ஃபைல் மட்டும் கம்பைல் ஆனது. காட்டும் ஃபைலை அது தொடவே இல்லை. ஹெடர் மாறியது தெரியாமல், பழைய வரிசைப்படியே பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தது அது. நேற்று சோதனை வரிக்காக அந்த ஃபைலைத் திருத்தியதால்தான் புதிதாகக் கம்பைல் ஆகியிருக்கிறது.

மேக்குக்கு வழி சொல்லும் மேக்ஃபைலைத் திறந்தேன். எந்த ஃபைல் எதை நம்பியிருக்கிறது என்று எழுதும் வரிகளில் ஹெடரின் பெயரே இல்லை. எழுதியது நான்தான். இரண்டு வரிகளிலும் சேர்த்தேன். ஹெடரில் ஒரு வெற்று வரி போட்டுச் சேமித்து மேக் கொடுத்தேன். இரண்டு ஃபைலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பைல் ஆயின. பக்கம் வர வேண்டிய இடத்தில் பக்கமே வந்தது.

"இங்க பாரு" என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தவள், "என்னோடதுலயும் இல்லக்கா" என்று தன் மேக்ஃபைலைத் திறந்தாள்.

சாயங்காலம் பஸ் ஏறியதும் கணவரின் போன். "இன்னிக்காவது முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மாமா. மிஸ்ஸைக் கேக்கல."