எதிர்ப்பக்கத்து டோஸ்ட் வண்டி

வல்லத்து ஜெயக்கொடி, செஞ்சியில் திண்டிவனம் ரோட்டிலிருந்த பீட்சா கடையில் ஓவன் பார்த்துக்கொண்டிருந்தாள். மாவு பிசைவதும் அவள்தான், தட்டை உள்ளே தள்ளுவதும் அவள்தான். ஓவன் கதவின் கீல் தளர்ந்து கிடந்தது. "அண்ணே, கதவு கையோட வந்துடும் போல இருக்குது" என்று முதலாளி ஆனந்தராஜிடம் பலமுறை சொன்னாள். "ஆளக் கூப்ட்றேன்மா" என்பதோடு சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோட்டை பார்த்துவிட்டு இறங்கிய கூட்டம் கடையை நிறைத்திருந்த நேரம், கதவு கழன்று அவள் முன்கையில் விழுந்தது. தோல் இரும்போடு ஒட்டிக்கொண்டது. அலறினாள். உள்ளேயிருந்த பீட்சாக்கள் கருகின. ஓடி வந்த ஆனந்தராஜ் முதலில் பார்த்தது பீட்சாக்களைத்தான்.

"இன்னா வேலை பாக்குற நீ? வெளிய போ!"

எல்லோர் முன்னாலும் சொன்னான். அதோடு விடவில்லை. அவளுக்குச் சுத்தம் கிடையாது, மாவில் முடி கிடந்தது, அதனால்தான் நிறுத்தினேன் என்று பஜார் முழுக்கப் பரப்பினான். கட்டுப்போட்ட கையோடு வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் ஹோட்டல்காரர்கள் அவள் தலையைத்தான் பார்த்தார்கள்.

"அந்தக் கடைய மூட வைக்கலன்னா நான் ஜெயக்கொடி இல்ல" என்றாள் கணவன் பச்சமுத்துவிடம்.

கை ஆறியதும் பீட்சா கடைக்கு நேர் எதிரே தள்ளுவண்டி போட்டாள். ஒரு கேஸ் அடுப்பு, கனமான தோசைக்கல், பிரெட். வெங்காயம், பச்சைமிளகாய், சீஸ் வைத்து வெண்ணெயில் முறுகவிட்டாள். தலையில் வெள்ளைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். ஆனந்தராஜ் கண்ணில் படட்டும் என்றே. வாசம் ரோட்டைத் தாண்டிப் போனது. கல்லூரிப் பிள்ளைகள் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

அடுத்து, ஆனந்தராஜின் டெலிவரி ஆள் தௌசீஃபைத் தன்னிடம் வேலைக்குக் கூப்பிட்டாள். ஊரில் தெரியாத வீடில்லை அவனுக்கு. "மூடின பையில டோஸ்ட் நமுத்துப் போயிடும்க்கா" என்று தயங்கினான்.

"ஜிப்ப கொஞ்சம் தொறந்து வை, ஆவி போயிடும்."

மறுநாளே அவன் பைக் அவள் வண்டியோரம் நின்றது.

ஆடியில் ஒரு மத்தியானம் ஆனந்தராஜ் ரோட்டைத் தாண்டி வந்தான். "வண்டிய பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளிப் போட்டுக்கயேம்மா. என் பொழப்பே போவுது."

அவள் பிரெட்டைப் புரட்டினாள். "மாவுல முடி கெடந்துதுன்னு சொன்னீங்களே, அது பொய்யின்னு இங்கயே சொல்லுங்க."

சுற்றிலும் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். "பொய்தான்" என்றான் தலைகுனிந்து.

"கேக்கல."

இன்னும் சத்தமாகச் சொன்னான்.

"சரி, போங்க." அவள் வண்டியை நகர்த்தவில்லை.

கடையை மூடிய அன்று ஓவனை மினி லாரியில் ஏற்றினார்கள். ஜெயக்கொடி அடுப்பை அணைத்துவிட்டு, லாரி கண்ணுக்கு மறையும்வரை நின்று பார்த்தாள். நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. "போதும், விட்டுடு" என்றான் பச்சமுத்து. அவள் அடுப்பை மறுபடி பற்றவைத்தாள்.

பொங்கல் கழிந்து தௌசீஃப் ஒரு சேதி கொண்டுவந்தான். "அக்கா, அந்தாளு திண்டிவனத்துல மறுபடி கடை போடுறாராம்."

"எந்தத் தெரு?" என்று கேட்டாள் ஜெயக்கொடி.