கெளுத்தி நாயின் பாதம்

முதல் மூன்று மாதம் நான் செய்ததெல்லாம் உருளைக்கிழங்குதான். டிராகன் செய்ய உட்காருவேன், உருளைக்கிழங்கில் முடியும். சிங்க முகம் வைத்த கழுகு என்று ஆரம்பிப்பேன், அதுவும் உருளைக்கிழங்குதான், கூடுதலாக இரண்டு ரெக்கை இருக்கும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எனக்குக் குரங்கு வந்திருந்தாலே சந்தோஷப்பட்டிருப்பேன்.

2010-ல் பி.எஸ்ஸி. முடித்த கையோடு சிதம்பரத்தில் ஒரு அனிமேஷன் சென்டரில் சேர்ந்தேன். எங்கள் வீடு கடலூர் முதுநகரில். தினமும் போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம் பஸ். சென்டர் தெற்கு வீதியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. என்னை அங்கே சேர்த்துவிட்டது என் அத்தை மகன். அப்பாவுடைய அக்கா மகன், என்னைவிட இரண்டு வயது பெரியவன், அவனும் அங்கேதான் படித்தான். அத்தை வீடு மேல வீதியை ஒட்டிய சந்தில். அவனைத்தான் எனக்குக் கட்டிவைப்பது என்று நான் பாவாடை சட்டை போட்ட காலத்திலேயே பேசி வைத்திருந்தார்கள். நேரில் அவனை மாமா என்றுதான் கூப்பிடுவேன். இதில் 'அவன்' என்றே எழுதப் போகிறேன். அதற்கு மேல் மரியாதை கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

கம்ப்யூட்டரில் சிலை செய்வதென்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். திரையில் ஒரு உருண்டை வரும். அதைக் களிமண் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். கையில் ஒரு பேனா, மேசையில் அதற்கென்று ஒரு பலகை. பேனாவை இழுத்தால் உருண்டை பிதுங்கும், அழுத்தினால் குழியும், ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு தேய்த்தால் வழவழப்பாகும். சிமெட்ரி என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் இடது பக்கம் செய்வதை வலது பக்கமும் தானே செய்துகொள்ளும். உருவத்தைப் பொடிப்பொடிச் சதுரங்களாகப் பிரித்துக்கொண்டே போகலாம். சதுரங்கள் கூடக்கூட செதில், சுருக்கம், மரு எல்லாம் வரும். நான் முதல் நாளே பிரித்துவிடுவேன். எலும்பு எங்கே, சதை எங்கே என்று தெரியுமுன்னே செதில் போட ஆசை. அப்புறம் மூக்கு கோணல் என்று தெரியும். தேய்த்தால் போகாது. சதுரம் குறைவாக இருந்தால் ஒரே தேய்ப்பில் அழியும், லட்சக்கணக்கில் ஆகிவிட்டால் அதே இடத்தில் தேய்த்துக்கொண்டே கிடக்க வேண்டியதுதான். ஒரு மூக்கை அழிக்க அரைமணி தேய்த்துக் கை வலித்த பிறகுதான் இந்தப் பாடம் எனக்கு ஏறியது.

சென்டரில் பன்னிரண்டு பேருக்கு இரண்டே பேனாப் பலகை. முறை போட்டுத்தான் கிடைக்கும். அவன் தன் முறையைப் பாதி நாள் எனக்குக் கொடுத்துவிடுவான். "நீ செய் புள்ள, நான் வேடிக்க பாக்கறேன்" என்பான். பொய் சொல்லக் கூடாது, அப்போது நல்லவனாகத்தான் இருந்தான். செய்து முடித்த உருவத்துக்குத் திரையில் வெளிச்சம் வைப்பது அவனுக்கு நன்றாக வரும், பேச்சு அதைவிட நன்றாக வரும். பொறுமைதான் கிடையாது. ஒரு செதிலைச் செய்து அதையே நகலெடுத்து உடம்பெல்லாம் ஒட்டிவிடுவான். அவன் டிராகன் ஓடு வேய்ந்த வீடு மாதிரி இருக்கும்.

எல்லோரும் டிராகன் செய்துகொண்டிருந்தபோது எனக்கு என் விலங்கு மீன் கடையில் கிடைத்தது. முதுநகர் துறைமுகத்தில் ஒரு கூடையில் கெளுத்தி மீன், அதன் பக்கத்தில் விலா எலும்பு தெரியப் படுத்திருந்த ஒரு நாய். மீசை வைத்த அந்த மீன் முகத்தை இந்த நாய் உடம்பில் வைத்தால் என்ன என்று தோன்றியது. அப்பா பேனாப் பலகையோடு வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில் வீட்டிலேயே ஏழு மாதம் உட்கார்ந்தேன். முதலில் எலும்பு, பிறகு சதை, கடைசியில்தான் தோல். அம்மா வந்து பார்த்துவிட்டு, "ஏன்டி, மீனு வாங்கியாரச் சொன்னா நாயையும் சேத்து வாங்கியாந்துட்டியா?" என்றாள். அதுதான் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. இரண்டும் தெரிகிறதே!

மளிகை லிஸ்ட்டுக்கே பிள்ளையார் சுழி போடுகிற வீடு எங்களுடையது. ஆரம்ப உருண்டையிலேயே சுழியைப் போட்டால் இழுக்கும்போது சிதைந்துவிடும். அதனால் தோல் வேலையை ஆரம்பித்த நாளில், யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து, இடது பின்னங்கால் பாதத்துக்கு அடியில் பொடியாக ஒரு சுழி போட்டேன். சிமெட்ரியை அணைக்க மறந்திருந்தேன். வலது பாதத்திலும் ஒன்று விழுந்தது, கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி. வீட்டுக்கு வந்திருந்த அவன் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"இன்னா புள்ள இது, புள்ளையாரக் கொண்டுபோயி காலுக்கடியில வச்சிருக்க. அதுவும் ரெண்டு பேரு."

"யாரும் பாக்கமாட்டாங்க மாமா. அவருக்குத் தெரிஞ்சா போதும்."

2011 கடைசியில், சென்னையில் ஒரு ஸ்டுடியோ எங்கள் சென்டரிலிருந்து ஒரே ஒருவரை எடுப்பதாகச் சொன்னது. ஆளுக்கு ஒரு விலங்கு, அது ஒரு சுற்றுச் சுற்றும் வீடியோ, பொங்கலுக்குள் அனுப்ப வேண்டும். அந்த ஒரு இடம் எனக்கு வேண்டும். அதைத் தவிர அந்த வருஷம் நான் சாமியிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

விலங்கின் காலை மடக்கி, தலையைத் திருப்பி நிற்க வைத்து முடித்தேன். வீடியோ மட்டும் பாக்கி. அப்போதுதான் புயல் வந்தது. கடலூரில் நின்ற கம்பத்தைவிட விழுந்த கம்பம் ஜாஸ்தி. எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பக்கத்துத் தெருவில் கிடந்தது. கரண்ட் வர எத்தனை நாளாகும் என்று கேட்டால் லைன்மேன் வானத்தைப் பார்த்தார். சிதம்பரத்தில் கரண்ட் வந்துவிட்டது என்று அவன் போன் செய்தான். பெண்டிரைவில் எடுத்துக்கொண்டு போகக்கூட இங்கே கம்ப்யூட்டர் ஓடவில்லை. ஆகவே மொத்தப் பெட்டியையும் கழற்றி, அம்மாவின் பழைய புடவையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் "உள்ள இன்னாம்மா, கொழந்தயா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

அத்தை வீட்டில் பெட்டியை அவன் கையில் கொடுத்தேன். நான் உட்கார்ந்து முடித்துவிட்டுப் போகிறேன் என்றுதான் சொன்னேன்.

"அங்க உங்கம்மாவுக்கு ஒத்தாசைக்கு ஆளில்ல, கூரை வேற இல்ல. நீ கெளம்பு. ரெண்டு பேரோடதையும் நானே அனுப்பிடறேன். என்மேல நம்பிக்க இல்லியா?"

நம்பிக்கை இல்லையா என்று கட்டிக்கொள்ளப் போகிறவன் கேட்டால் என்ன சொல்வது? வெளியாளிடம் கொடுத்திருந்தால் எழுதி வாங்கியிருப்பேன், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பேன். சொந்தக்காரனிடம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்துவிட்டு, மூடி போட்டிருக்கிறதா என்றுகூடப் பார்க்காத புத்திசாலி நான்.

பொங்கல் கழிந்து பத்து நாளில் போன் வந்தது. அவனுக்குக் கிடைத்துவிட்டது. "உன்னோடத எடுக்கல புள்ள, மனசுல வச்சிக்காத" என்றான். அழுகை வந்தது, அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு தெருவில் ஏழெட்டு வீட்டுக்கு லட்டு கொடுத்தேன். அதை இன்று நினைத்தாலும் உடம்பு எரிகிறது. என் கையால் லட்டு கொடுத்தேன்.

பிப்ரவரியில் சர்டிபிகேட் வாங்க சென்டருக்குப் போனேன். பாத்திரக் கடைக்கு மேலே பெரிய ஃபிளெக்ஸ் பேனர். கூலிங் கிளாஸ் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு அவன் நிற்கிறான். 'எங்கள் மாணவரின் படைப்பு' என்று எழுதி, அவன் தோளுக்குப் பக்கத்தில் அவன் உயரத்துக்கு நிற்கிறது என் கெளுத்தி நாய். கீழே 'வாழ்த்தும் நெஞ்சங்கள்' என்று வட்ட வட்டமாக முகங்கள். அத்தை, அத்தையின் வீட்டுக்காரர், தாய்மாமன் என்ற முறையில் என் அப்பா. கடைசி வட்டத்தில் நான். காலேஜ் ஐடி கார்டு போட்டோ. என்னிடமிருந்து எடுத்ததற்கு நானே வாழ்த்துச் சொல்லிக்கொண்டு நடுத்தெருவில் தொங்குகிறேன்.

மேல வீதி வரை எப்படி நடந்தேன் என்று தெரியாது. அவன் சென்னையிலிருந்து வந்திருந்தான், சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அது என்னோடதுதானே மாமா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "ஒருத்தரைத்தான் எடுப்பாங்கன்னாங்க. உன்னுது போனாத்தான் கெடைக்கும்னு எனக்குத் தெரியும். உன்ன மெட்ராசுக்குத் தனியா அனுப்புவாங்களா? நான் போனா நாளைக்கு நீயும் அங்கதான் வரப்போற."

"அப்ப என் பேர்ல எத அனுப்பின?"

ரசத்தை ஊற்றிக்கொண்டான். "என் டிராகன."

ஓடு வேய்ந்த அந்த டிராகன் என் பேரில் போயிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் யாரோ என்னை வேண்டாமென்று ஒதுக்கியிருக்கிறார்கள்.

அத்தை அடுப்படியிலிருந்து வந்தாள். "இப்ப இன்னாடி ஆயிடுச்சு? யாருக்குப் போச்சு? உன் கழுத்துல தாலி கட்டப்போறவனுக்குத்தான போச்சு? வூட்டுக்கு ஒரு வேல வந்துச்சேன்னு சந்தோசப்படுவியா!" கடலூருக்கு வந்தால் அம்மாவும் அதையே சொன்னாள், குரல்தான் கொஞ்சம் தாழ்வாக இருந்தது. அப்பா வாசலுக்குப் போனார். சைக்கிளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஊரார் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையே என்று, என் ஏழு மாதத்தை ஆளாளுக்குத் தாராளமாகப் பரிமாறினார்கள்.

எல்லோரும் ஒரே மாதிரி சொல்லும்போது, தப்பு நம்முடையதுதானோ என்று புத்தி தடுமாறும். எனக்கும் தடுமாறியது. அவன் தினம் போன் செய்தான். அவசரத்தில் பண்ணிவிட்டேன் என்றான், வேறு வழி தெரியவில்லை என்றான், எல்லாம் நமக்காகத்தான் என்றான். நான்கூட யோசித்தேன். ஒரே பேர்தான் போட முடியும், கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, பதற்றத்தில் செய்திருப்பான். வைகாசியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் பேசியபோது நான் மறுக்கவில்லை. தலையாட்டினேன் என்றே எழுத வேண்டும்.

என் கம்ப்யூட்டர் அதுவரை அத்தை வீட்டிலேயே கிடந்தது. எனக்கு அதைத் தொடவே பிடிக்கவில்லை. சித்திரையில் அப்பாதான் போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கரண்ட் இருந்த இரண்டு மணி நேரத்தில், மனசைத் தேற்றிக்கொண்டு திறந்தேன். என் ஃபைல் இருந்தது. நான் கடைசியாகத் தொட்ட தேதிக்குப் பிறகு, பொங்கலுக்கு முந்தின நாளில், அதன் மேலேயே யாரோ சேமித்திருந்தார்கள்.

சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மீசை அப்படியே இருந்தது. விலா, வால், எதையும் அவன் தொடவில்லை. பிறகு புரட்டிப் போட்டேன். இடது பின்னங்கால் பாதம் வழவழவென்று இருந்தது. சுழி இல்லை.

கை தவறியிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். வெளிச்சம் வைக்கும்போது பேனா பட்டிருக்கும். அந்த நிமிஷத்திலும் அவனுக்காக நான்தான் வக்கீல். அப்புறம் வலது பாதத்தைத் திருப்பினேன். அங்கேயும் வழவழப்பு.

விலங்கு காலை மடக்கி நிற்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாததால் அங்கே சிமெட்ரி வேலை செய்யாது. இந்தப் பாதத்தைத் தனியாக, அந்தப் பாதத்தைத் தனியாகத்தான் தேய்க்க வேண்டும். லட்சக்கணக்கான சதுரம். ஒரு தேய்ப்பில் போகாது. வீடியோவில் பாதத்தின் அடி தெரியப்போவதும் இல்லை. நாளைக்கு ஸ்டுடியோக்காரன் ஃபைலைக் கேட்டால், திறந்து பார்த்தால், என்றெல்லாம் யோசித்திருக்கிறான். எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், சிரித்தவன்தானே. ஒரு செதிலை ஒழுங்காகச் செய்யப் பொறுமை இல்லாதவன், இரண்டு பாதத்துக்கும் அடியில் உட்கார்ந்து, நான் இருந்த இடமே தெரியாமல் போகும்வரை பொறுமையாகத் தேய்த்திருக்கிறான். நமக்காக என்றால் எதற்கு அதை அழிக்க வேண்டும்?

அப்பாவைக் கூப்பிட்டேன்.

"இந்தக் கல்யாணம் வேணாம்பா. அத்த கிட்ட சொல்லிடுங்க."

"எல்லாம் பேசி முடிச்சப்பறம் திடீர்னு இன்னாம்மா?"

பாதத்தைப் பெரிதாக்கித் திரை முழுக்க வைத்தேன். இடதைக் காட்டினேன், பிறகு வலதைக் காட்டினேன். அப்பா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இங்க ஒண்ணுமே இல்லியேம்மா."

"அதத்தாம்பா சொல்றேன்."