பீலிக்கரையில் கலந்த மருந்து

பல் வைத்தியம் என்பது, எதிரில் இருப்பவரின் வாய்க்குள் நம் கையை வைத்துக்கொண்டு அவரையே கேள்வி கேட்கிற தொழில். பதில் வராது, வந்தாலும் புரியாது. அதனால்தானோ என்னவோ, ஆராய்ச்சி என்றாலே நமக்கெல்லாம் வேப்பங்காயாக இருக்கிறது. டயகமப் பக்கம், தேயிலை மலைக்கு நடுவே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், ஒற்றை நாற்காலியோடும் நினைத்தால் நின்றுவிடுகிற இயந்திரத்தோடும் குப்பை கொட்டுகிறவள் நான். என்னைப் போலவே மாட்டிக்கொண்டு முழிக்கிற சக பல் வைத்தியர்களே, இது உங்களுக்குத்தான்.

நேரமா? அது எங்கே இருக்கு?

கண்டியிலிருந்து ஒரு பேராசிரியை போன் பண்ணினார். ஈறில் ரத்தம் வருகிறவர்கள் வாய் கொப்பளிக்க இரண்டு மருந்துகள். ஒன்று விலை கூடியது, மற்றது மலிவு. மலிவானதும் அதே அளவு வேலை செய்கிறது என்று தெரிந்தால், நம்மைப் போன்ற ஆஸ்பத்திரிகளிலும் அதை வைக்கச் சொல்லலாம். இந்த ஆராய்ச்சியில் உங்கள் நோயாளிகளையும் சேர்த்துக்கொள்ளட்டுமா என்றார். நான் வழக்கமான பாட்டைப் பாடினேன். வாசல் வரைக்கும் வரிசை, மழை பெய்தால் கரண்ட் இல்லை, எழுத ஆளில்லை. நீங்களும் இதைத்தானே பாடுவீர்கள்?

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், என் உதவியாளர் ராணி அக்கா கருவிகளைத் துடைத்தபடி ஒரு பார்வை பார்த்தார். "ஏன் டொக்டர், கொழும்புல சோதிச்ச மருந்து நம்ம வெத்தல போடுற வாய்க்கு வேல செய்யுமான்னு தெனம் பொலம்புறீங்க. இப்ப அதத்தான கேக்குறாங்க? எங்கிட்ட பொலம்ப மட்டும் நேரம் இருக்குதா?"

படிச்சவங்களுக்கே தெரியாதாம்

மானம் போனது, மறுபடியும் கண்டிக்குப் போன் போட்டுச் சேர்ந்துகொண்டேன். இரண்டு மருந்தும் ஒரே நிறம், ஒரே வாசனை, ஒரே மாதிரிப் போத்தல். மூடியில் ஓர் எழுத்து மட்டும் வேறு. யாருக்கு எது என்பது சீட்டுக் குலுக்கி முடிவாகும். எந்த எழுத்து எந்த மருந்து என்று எனக்கும் தெரியாது.

முதலில் வந்தவள் சிவகாமி, தோட்டத்தின் மேல் டிவிசனில் கொழுந்து பறிக்கிறவள். முப்பதைத் தாண்டிக் கொஞ்சம்தான் இருக்கும். பல் தேய்த்தாலே ரத்தம். "எல்லாத்தையும் புடுங்கி விட்டுருங்கம்மா, எங்க அம்மாவுக்கும் இந்த வயசுலதான் புடுங்குனாங்க" என்று வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள். இப்படிப் பிடுங்கிப் பிடுங்கியே என் காலம் போகிறது. பல்லைச் சுத்தம் பண்ணிவிட்டு விஷயத்தைச் சொன்னேன்: விருப்பம் இருந்தால் சேரலாம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், இரண்டில் எது நல்லது என்று எங்களுக்கே தெரியாது. அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ராணி அக்கா பக்கம் திரும்பினாள். "பாவம்க்கா, இம்புட்டுப் படிச்சும் தெரியாதுங்குறாங்களே. குடுங்க, நாமளாவது கண்டுபுடிச்சுக் குடுப்போம்."

எல்லாருக்கும் குணம்

அடுத்தடுத்த வாரங்களில் வந்தவர்களிடமெல்லாம் "ஈறு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். ஒருவர் பாக்கியில்லாமல் "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கும்மா" என்றார்கள். உலகத்திலேயே இவ்வளவு நல்ல மருந்து கிடையாது என்று நான் மிதந்துகொண்டிருந்தபோது, ஒரு பெரியவர் அதே பதிலைச் சொல்லிவிட்டு, நாற்காலிப் பக்கத்துப் பேசினில் துப்பினார். பேசின் ரத்தமாய்ச் சிவந்துபோனது.

"என்னய்யா இது?" என்றேன். அவர் வேட்டி நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்க்கக் கூச்சப்பட்டார். "நீங்க இம்புட்டுப் பாடுபடுறப்ப, கொணமாகலேன்னு மூஞ்சிக்கு நேரா எப்புடிம்மா சொல்றது?"

இரண்டு எழுத்து, ஒரு கேன்

அன்றிலிருந்து கேள்வி கேட்கிற வேலை ராணி அக்காவுக்கு. அவரிடம் யாருக்கும் அவ்வளவு மரியாதை இல்லை. அடுத்த தலைவலியும் அவர் மூலமாகத்தான் தெரிய வந்தது. சிவகாமியும் அவள் நாத்தனார் பார்வதியும் ஒரே லயம், அந்த வரிசை வீடுகளில் பக்கத்துப் பக்கத்து வீடு. இருவருக்கும் வேறு வேறு எழுத்து. மருந்து எவ்வளவு மீதி என்று பார்க்கப் போத்தலைக் கொண்டுவரச் சொன்னால், இரண்டு பேரும் வெறுங்கையோடு வந்து நிற்கிறார்கள். விசாரித்தால், மலைத்தண்ணி வந்து விழுகிற பீலியில் ஒரு கேனை வைத்து, இரண்டு போத்தலையும் அதற்குள் ஊற்றியிருக்கிறார்கள். காலையில் முகம் கழுவ வருகிற லயத்துச் சனம் மொத்தமும் ஆளுக்கு ஒரு வாய்!

அடக் கடவுளே! கணக்குக் குழம்பினால் உங்கள் இடத்தை நீக்க வேண்டியதுதான் என்று பேராசிரியை முதலிலேயே சொல்லியிருந்தார். நீக்கினால் வெற்றிலை போடுகிற வாய் எதுவும் அந்த ஆராய்ச்சியில் இருக்காது. மலிவு மருந்து இந்த மலைக்கு ஏறாது. நானும் பல் பிடுங்குகிற குறடும் கையுமாகச் சிவகாமியின் பல்லுக்குப் போக வேண்டியதுதான். "ஏன் இப்படிச் செஞ்சீங்க?" என்று கத்தியே விட்டேன். சிவகாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஒரே பீலியில தண்ணி எடுக்குறோம். எனக்கு ஒரு மருந்து, இவளுக்கு வேற மருந்துன்னா, நாளைக்கு இவ மூஞ்சில எப்புடி முழிக்கிறது?"

பேராசிரியை வந்தார்

சொல்லாமல் மறைக்கலாமா என்று ஓர் ஆசை வரத்தான் செய்தது. ஆனால் தப்பான கணக்கை அனுப்பி, அதை நம்பித் தப்பான மருந்தை வாங்கி வைத்தால், கொப்பளிக்கப் போவது இதே சனம்தானே? போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார். சரி, நம்ம கதை முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வாரம் மனுஷி ரயிலேறி நானுஓயாவில் இறங்கி, வேன் பிடித்து வந்துவிட்டார். நேரே பீலிக்குப் போய், வரிசையில் நின்றவர்களோடு பேசினார்.

முடிவு என்ன தெரியுமா? இனி ஆளுக்கு ஒரு எழுத்து கிடையாது, லயத்துக்கு ஒரு எழுத்து; ஒரே பீலிக்காரர்கள் கலந்தாலும் ஒரே மருந்துதான். புதிதாக அனுமதி வாங்கி முதலிலிருந்து தொடங்குவோம், உங்கள் இடம் இருக்கும் என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. திரும்பிப் போகும்போது காலில் சேறு அப்பிய சப்பாத்தைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "கண்டியில உக்காந்து எல்லாத்தையும் யோசிச்சோம், இந்தப் பீலிய யோசிக்கல. நீங்க சேர்ந்து இதச் சொல்லலேன்னா, இப்புடிக் கலக்குறது தெரியாமலே எங்க முடிவு பூரா பிழையாப் போயிருக்கும்."

சத்தியம்

அனுமதி வந்ததும் தூறலில் நனைந்தபடி சிவகாமியின் லயத்துக்குப் போனேன். சேர விரும்புகிறவர்களுக்கெல்லாம் இங்கே ஒரே எழுத்து, கீழ் லயத்துக்கு வேறு எழுத்து, தயவு செய்து இங்கிருந்து அங்கே ஒரு சொட்டுப் போகக் கூடாது என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். "அப்ப என் பல்லப் புடுங்க மாட்டீங்கல்ல?" என்று சிவகாமி கேட்டாள். பிடுங்கச் சொல்லி வந்தவள் இப்படிக் கேட்டதில் எனக்கு அத்தனை சந்தோஷம்! முடிந்தவரைக்கும் காப்பாற்றிப் பார்க்கிறேன் என்றேன்.

படியிறங்கி வேனில் ஏறப் போனேன். பின்னாலேயே அவள் ஓடி வந்தாள். மற்ற யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்: "வெளிய ஒருத்தருக்கும் குடுக்க மாட்டோம் டொக்டரம்மா, சத்தியமா. கீழ் லயத்துல நம்ம தங்கச்சி இருக்கா, அவளுக்கு மட்டும் ஒரு மூடி மருந்து குடுக்கலாமுங்களா?"

யாருக்கு எந்த மருந்து என்று கண்டியில் சீட்டுக் குலுக்கி முடிவு பண்ணலாம்; அது கடைசியில் யார் யார் வாய்க்குள் போகிறது என்று பார்க்க, நண்பர்களே, உங்களையும் என்னையும் விட்டால் நாதியில்லை.