கிளி தைத்த மேட்

ஒரு பெண்ணுக்கு நானே கொடுத்த இடத்தை நானே பிடுங்கினேன். அதுவும் அவள் கையாலேயே! என் கணவரிடம் இதைச் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் சாமியார் முன்னால் முழங்காலிட்டபோதும் வேறு எதையெதையோ சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன்.

படப்பையில் எங்கள் வீட்டு மாடி அறையில் இசக்கி வாடகைக்கு இருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் நேரே என் தையல் மெஷின் பக்கத்தில்தான் உட்காருவாள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். கிறிஸ்துமஸ் மதியம் மேசையில் உட்காரும் ஒவ்வொருவருக்கும், தட்டின் கீழே விரிக்க ஒரு துணி மேட் நானே தைப்பேன். சிவப்புத் துணி, உள்ளே மெத்தென்று பழைய போர்வைத் துண்டு, சுற்றிலும் பச்சைக் கரை. நடுவில் மணியோ நட்சத்திரமோ வெட்டி வைத்துத் தைப்பேன். போன வருடம் கரையெல்லாம் இசக்கிதான் தைத்தாள்.

"ஊருக்குப் போவலியாடி?"

"லீவு தரமாட்டேன்னுட்டாவக்கா."

பாவமாக இருந்தது. "அப்போ இங்கியே சாப்புடு. உனக்கும் ஒரு மேட் தச்சிக்கோ. மேட் கீறவங்க எல்லாம் இந்த வூட்டு ஆளு, தெரியுமா?"

என்ன பெருந்தன்மை எனக்கு!

அவள் நட்சத்திரத்தின் கீழே ஒரு பச்சைக் கிளியைத் தைத்தாள்.

"இன்னாடி இது, கிறிஸ்துமஸுக்குக் கிளியா?"

"ஏன்க்கா, பாலன் பொறந்த தொழுவுக்குக் கிளி வரப்படாதா?"

சிரித்த சிரிப்பில் என்னால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று, என் மகனுக்குப் பேசி முடித்திருந்த பெண்ணின் வீட்டார் தாம்பரத்திலிருந்து சாப்பிட வந்தார்கள். சொல்லாமல் பெண்ணின் பெரியம்மாவும் வந்துவிட்டார். நாற்காலி ஒன்று குறைந்தது. சமையலறையில் ஸ்டூல் இருந்தது... கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்திருந்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?

இசக்கி வாசலில் வந்து நின்றாள். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல், தலைக்குக் குளித்து, புது சுடிதாரில் வந்திருந்தாள்.

"யாருங்க இந்தப் பொண்ணு?" என்றார் பெரியம்மா.

என் நாக்கு என்ன சொன்னது தெரியுமா? "மாடியில குடியிருக்குதுங்க. கூடமாட ஒத்தாசைக்கு வரும்."

கம்பெனிப் பெண்ணைச் சரிசமமாக உட்கார வைக்கிறாளே என்று சம்பந்தி வீட்டார் முகம் சுளிப்பார்களோ, கல்யாணம் தட்டிப் போகுமோ... அந்தப் பயம்தான். அவர்கள் சுளிக்கவே இல்லை. சும்மா கேட்டார்கள், அவ்வளவுதான்!

இசக்கி என் பின்னாலேயே சமையலறைக்கு வந்தாள். "பிரியாணிச் சட்டிய எதுமேல வைக்கக்கா? மேச சுட்டுரும்" என்றாள். பெரியம்மாவுக்கு என் மேட்டைப் போட்டுவிட்டேன்; மிஞ்சியிருந்தது அவளுடைய மேட்தான். எடுத்து நீட்டினேன்.

"இத அடியில போடு."

ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு மேசை நடுவில் அதை விரித்து, சுருக்கம் நீவி, கிளியின் மேல் சட்டியை வைத்தாள். எல்லோருக்கும் பரிமாறினாள். பெரியம்மாவுக்கு லெக் பீஸ் தேடி எடுத்துப் போட்டாள்.

விருந்தாளிகள் போனபோது அந்த மேட் கொடியில் ஈரமாகத் தொங்கியது. "சோப்பு போட்டுப் பாத்துட்டேன். எண்ணெக் கற போவமாட்டேங்கு... மன்னிச்சிக்கிடுங்கக்கா" என்றாள்.

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்! நானோ, "பரவால்ல, வுடு" என்றேன். அவள் சாப்பிட்டாளா என்றுகூடக் கேட்கவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்தவள், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். "கம்பெனி பஸ்ஸுக்குத் தோதா இருக்கும்க்கா" என்றாள். கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையிலேயே நிற்கும்.

போன் செய்து பேசலாமே என்பீர்கள். நம்பர் இருக்கிறது. என்ன பேசுவேன்? வா, சாப்பிடு என்றா?

இதோ, இந்த வருடமும் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மருமகள் தங்கமான பெண், பக்கத்தில் உட்கார்ந்து துணி வெட்டித் தருகிறாள். நேற்று பீரோவிலிருந்து பழைய மேட்களை எடுத்தவள், வட்டக் கறைக்குள் இருந்த கிளியை விரலால் தடவினாள்.

"அய்யோ, எவ்ளோ அழகா கீது! இது யாரோட மேட், அத்தை?"

சொல்லியிருக்கலாம். ஒரு பெயர்தானே!

"அது சட்டிக்கு வைக்கிறதும்மா" என்றேன்.